கையுறையின் இரண்டு நுனிகள்

எங்கள் ஆய்வகத்துக்கு வாங்கிய கையுறைகள் எல்லாம் ஆண்களின் கைக்கு அளவானவை. என் கையில் அவை தொளதொளவென்று இருக்கும். விரல் முடிந்த பிறகும் அரை அங்குல ரப்பர் காலியாகத் தொங்கும். சின்ன அளவு வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று பதில் வந்தது. நானும் அட்ஜஸ்ட் செய்துகொண்டேன். இடது கையின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொங்கிய நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வேலை செய்தேன். இத்தனை வருடம் கழித்தும் ரப்பர் வாசனை வந்தால் எனக்கு அந்த இரண்டு நுனிகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இறால் தீவனம் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் மாடியில் அந்த ஆய்வகம் இருந்தது. கீழே தீவனம் அரைக்கும் சத்தம், மேலே நாங்கள் மூன்று பேர். ஜன்னலைத் திறந்தால் உருக்காலைகளின் கரிப்புகை மேஜை மேல் படியும் என்பதால் ஜன்னலைத் திறப்பதே இல்லை. நான் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து போவேன். எங்கள் குடும்பத்தில் அடுத்தவன் நிலத்தில் நாற்று நடாத முதல் ஆள் என் அப்பா. உருக்காலையில் வேலை பார்த்தார். அந்த ஆலையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற ரயிலை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம் வாங்குகிற ஆள் வீட்டில் நான் ஒருத்திதான். அதுவும் ஒரு வருடத் தகுதிகாண் வேலை. வருடம் முடிந்ததும் ஆய்வகத் தலைவர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. அவரை நான் சார் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

மூன்றாவது ஆள் பாய். எடுபிடி வேலைக்கு என்று எடுக்கப்பட்டவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து எனக்கு முன்னாலேயே வந்துவிடுவார். கண்ணாடித் தட்டுகளைக் கழுவுவது, பண்ணைகளுக்குப் போய் நோய் கண்ட இறாலை ஐஸ் பெட்டியில் கொண்டுவருவது, தரை துடைப்பது எல்லாம் அவர். ஒரு காலத்தில் அவரே ஏரி ஓரம் குத்தகைக்கு எடுத்து மூன்று குளம் நிறைய இறால் வளர்த்தவர். வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. காலையில் கரையோரம் நான்கைந்து இறால் சோர்ந்து ஒதுங்கியிருந்தன. ஓட்டைத் தடவிப் பார்த்தால் சுண்ணாம்பு தெளித்த மாதிரி புள்ளிகள். அந்த வாரம் முடிவதற்குள் மூன்று குளமும் காலி. இந்த வைரஸ் அப்படித்தான், யோசிக்க நேரம் கொடுக்காது.

பாய்க்குக் கைகளில் தோல் நோய் இருந்தது. முழங்கையிலும் உள்ளங்கை ஓரத்திலும் தோல் தடித்துச் சிவந்து, வெள்ளையாகச் செதில் உதிரும். ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் கீழே மூட்டை கட்டுகிற பெண்கள் அவருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்திருந்தார்கள். அவரும் அதைக் கண்டுகொள்ளாதவர் போல, டீ குடித்ததும் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைப்பார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். நான் அவருடைய டம்ளரைப் பற்றி ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. படித்தவள், நான் சொல்லியிருக்கலாம்.

"இன்னா யம்மா, நாஷ்டா ஆச்சா?" என்று ஆரம்பித்துத்தான் அவர் என்னிடம் எதையும் கேட்பார். ஒருநாள் கேட்டார், "அந்த நோவோட மூஞ்சி எப்டி யம்மா இருக்கும்? ஒரு திருடன் வந்துட்டுப் போனாக்கூட போலீஸ்காரன் அடையாளம் கேக்குறான். நாங்க பாக்காமயே எல்லாத்தயும் பறிகுடுத்துக்கினு நிக்கிறோம்."

மூஞ்சியெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டு எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். வைரஸ் என்பது உள்ளே ஒரு நூல், வெளியே புரதங்களால் ஆன ஒரு கவசம். அந்தக் கவசத்தின் ஏதோ ஒரு புரதம்தான் இறாலின் உடம்பைத் தொட்டுப் பிடித்து உள்ளே நுழைகிறது. எது எது என்று தெரிந்தால் தடுக்க வழி தேடலாம். நோய் வருமுன் கண்டுபிடிக்கும் பரிசோதனையாவது செய்யலாம்.

"ஆக, அதோட சட்டயக் கழட்டிப் பாக்கப் போறீங்க."

"ஆமா பாய்."

"கழட்டுங்க. நல்லா கழட்டுங்க."

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த விதமே மாறிவிட்டது. கண்ணாடித் தட்டுகளை மூன்று தரம் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார். இறாலைக் கொண்டுவந்தால் எந்தக் குளம், எத்தனை மணிக்கு எடுத்தது என்று தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருப்பார். நாங்கள் இரண்டு பேரும் படித்துவிட்டுச் செய்த வேலையை அவர் நோவோடு செய்தார்.

வேலை இதுதான். இறாலின் செவுளை அரைத்து, வேகமாகச் சுழற்றும் இயந்திரத்தில் போட்டுச் சக்கையை ஒதுக்கவேண்டும். மிஞ்சியதைச் சர்க்கரைக் கரைசல் மேல் ஊற்றி மறுபடி சுழற்றினால் குழாயின் நடுவில் மெல்லிய புகை மாதிரி ஒரு படலம் நிற்கும். அதுதான் வைரஸ். பாய் முதல் முறை அதைப் பார்த்தபோது குழாயை வாங்கிக் கண்ணருகில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் படலத்தைச் சோப்பு மாதிரி ஒரு திரவத்தில் கொதிக்கவைத்தால் கவசம் கழன்று புரதங்கள் தனித்தனியாகும். கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே உறைந்த ஜெல்லின் மேல்முனையில் அதை விட்டு மின்சாரம் பாய்ச்சுவோம். சின்னப் புரதம் வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். சாயம் ஏற்றினால் ஏணிப்படி மாதிரி நீலக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு புரதம். கோட்டைப் பிளேடால் வெட்டி, சின்னக் குழாயில் போட்டு, ஐஸ் வைத்து வேறு ஊரில் இருந்த ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பவேண்டும். அங்கே அதை நொறுக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற இயந்திரத்தில் விட்டு, ஒவ்வொரு துண்டின் எடையையும் பார்த்து இது இன்ன புரதம் என்று பேர் சொல்வார்கள். அந்த இயந்திரத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. பெருமூச்சு விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

பிளேடால் வெட்டுகிற இடத்தில்தான் என் தொல்லை. ஜெல் வழுக்கும். தொங்குகிற ரப்பர் நுனி பிளேடுக்கு அடியில் போய் மாட்டும். ஒருமுறை நல்ல கோடு ஒன்று அப்படியே கிழிந்துபோனது. சார் பார்க்காதபோது நுனிகளை வெட்டிவிட்டு வெறும் விரலால் ஜெல்லைப் பிடித்தேன். வேலை சுளுவாக முடிந்தது. கையுறை போட்டிருக்கிறேனே என்று மனசையும் சமாதானப்படுத்திக்கொண்டேன். மறுநாள் குப்பைக்கூடையைக் கொட்டும்போது பாய் அந்த நுனிகளைக் கையில் எடுத்து, "இது இன்னா யம்மா?" என்றார். கிழிந்துவிட்டது என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கூடையில் போட்டார்.

பதினொரு குழாய் அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து மின்னஞ்சலில் முடிவு வந்தது. சார் அச்செடுத்து மேஜை மேல் பரப்பினார். முதல் குழாய், மனிதக் கெரட்டின். இரண்டாவது, மனிதக் கெரட்டின். வரிசையாக ஒன்பது குழாய்க்கு அதே பேர். மற்ற இரண்டில் ஒன்றுமே சொல்லமுடியவில்லை. கெரட்டின் என்பது நம் தோலிலும் முடியிலும் நகத்திலும் இருக்கும் புரதம். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் விழுந்தாலும் போதும், வைரஸின் மெலிந்த குரலை அமுக்கிவிட்டு அதுதான் கத்தும். ஆறு மாத உழைப்பில் நாங்கள் அனுப்பி வைத்தது எங்கள் தோலை.

சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர், முகம் வெளிறியிருந்தது. "இது மனுஷத் தோல். இந்த ரூம்ல இருக்கிற யாரோ ஒருத்தரோட தோல்" என்றார். யாருடையது என்று அந்த இயந்திரம் சொல்லாது. எல்லார் தோலும் அதற்கு ஒன்றுதான். ஆனால் எங்களுக்கு அப்படி இல்லையே. சாரின் பார்வை மெதுவாகத் திரும்பிப் பாயின் மணிக்கட்டில் போய் நின்றது. சட்டைக்கை ஓரத்தில் இரண்டு வெள்ளைச் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நானும் அங்கேதான் பார்த்தேன்.

அந்த நொடியே எனக்குத் தெரியும். பிறகு மெல்ல மெல்ல உணர்ந்தேன் என்றெல்லாம் பொய் சொல்லமாட்டேன். பாய் கழுவிய தட்டுகளை நான் மறுபடி ஆல்கஹாலில் துடைப்பேன். சாயம் ஏறிய ஜெல் பக்கத்தில் அவர் வந்ததே கிடையாது. கடைசியாக அதைத் தொட்டது என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். வாயைத் திறந்தால் நாக்கில் முதலில் வந்து நிற்பது அப்பாவின் நாற்காலி. என் நிரந்தரக் கடிதத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல குத்தம் சொல்லல. ஒடம்பு அப்படி. இந்த வேலைக்கு சரிப்படாது" என்றார் சார். கீழே மூட்டை தூக்குகிற பகுதிக்கு மாற்றலாமா என்று கேட்டுப்பார்த்தார். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தீவனத்தில் தோல் உதிருமாம்.

பாய் சண்டை போடவில்லை. சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார், "அப்போ அதோட பேரு வர்லியா சார்?"

"வரல."

"எம் மேல இருந்து விழுந்ததாலயா?"

சார் தாள்களை அடுக்கினார். பாய் என் பக்கம் திரும்பினார். "உன் வேலயக் கெடுத்துட்டேனே யம்மா. ஆறு மாசம் கஷ்டப்பட்ட. மனசுல வெச்சிக்காத."

அதற்கு நான் சொன்ன பதில், "பரவால்ல பாய்." என் வாழ்நாளில் நான் சொன்னதிலேயே கேவலமான வார்த்தை அதுதான். பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன், பாருங்கள்.

அவர் போன மறுநாள் கும்மிடிப்பூண்டி பஜாரில் மருந்துக்கடைக்குப் போய் என் சொந்தக் காசில் சின்ன அளவுக் கையுறை ஒரு பெட்டி வாங்கினேன். அது அங்கே எப்போதும் கிடைக்கிற பொருள்தான். முன்பே வாங்கியிருக்கலாம். கம்பெனிக்காக நான் ஏன் காசு போடவேண்டும் என்ற வீம்பு. இப்போது தலைக்குத் துணி கட்டி, முழுக்கை அங்கி போட்டு, பத்து விரலும் மூடி, ஜெல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வெட்டினேன். புதிய குழாய்கள் போயின. இம்முறை பேர்கள் வந்தன. கவசத்தின் புரதங்கள் ஒவ்வொன்றாக, ஏற்கனவே படித்தறிந்த மரபணு வரிசையோடு ஒத்துப்போய், சுத்தமாக வந்தன. சார் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். லட்டு வாங்கிவரச் சொன்னார்.

"பாத்தியா, பாய் போனதும் எப்படி க்ளீனா வருது" என்றார்.

ஒரு சோதனையில் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். பாயும் போயிருந்தார், என் கையுறையும் மாறியிருந்தது. எதனால் சுத்தமானது என்று யாரும் சொல்லமுடியாது, என்னைத் தவிர. நான் ஒழுங்காக வேலை செய்யச் செய்ய அவர் மேல் விழுந்த பழி உறுதியாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு நல்ல முடிவும் அவருக்கு எதிரான சாட்சியாக வந்தது.

அடுத்த தடவை குழாய்கள் அனுப்பும்போது ஒரு காரியம் செய்தேன். புரதமே இல்லாத வெறும் ஜெல்லை எடுத்து, பழையபடி இரண்டு நுனி வெட்டிய கையுறையோடு ஒரு துண்டு வெட்டி, கடைசிக் குழாயாகச் சேர்த்தேன். முடிவு வந்தது. மற்றவையெல்லாம் வைரஸ், கடைசியில் மட்டும் மனிதக் கெரட்டின். எனக்கு முன்பே தெரிந்ததை இயந்திரம் எழுதிக் கொடுத்துவிட்டது. இதைச் சாரிடம் காட்டிச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் அனுப்பினேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த வாரம்தான் நிரந்தரக் கடிதம் கையெழுத்துக்குப் போயிருந்தது.

"இது என்ன, கடைசி குழாய்ல மட்டும் தோல்?" என்றார் சார்.

"காலி ஜெல் சார். சும்மா ஒப்பிட்டுப் பாக்க. பழைய டிரேல வெச்சிருந்தேன்."

"பாய் கழுவுன டிரேவா? தூக்கி வெளிய போடு."

தூக்கி வெளியே போட்டேன். அது எவர்சில்வர் டிரே. கீழே வேலை செய்த ஒரு பெண் அதை வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மே மாதம். எங்கள் முடிவுகளைப் பற்றிப் பேசுவதற்காகச் சென்னையில் ஒரு கூட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். ஒரு வேலையாகப் புதுவாயலில் இறங்கிவிட்டு, கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காக நின்றேன். நெடுஞ்சாலையில் தார் இளகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கம்பெனி ஆட்கள் வண்டி விட்டுவிட்டுப் போகிற தகரக் கொட்டகை. அதன் வாசலில் ஸ்டூல் போட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தேன். அந்த வெயிலில் இரண்டு கையிலும் வெள்ளை ரப்பர் கையுறை.

"யம்மா, நீயா? நல்லா கீறியா?" என்று பாய் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்தார். துடைத்த பிறகு இன்னொரு துணியால் மறுபடியும் துடைத்தார்.

"கையில ஏன் பாய் இது?"

"இதுவா? போட்டுக்கினே இருக்கறது. பழகிடுச்சு. வேர்க்கும்போதுதான் பேஜாரு." கையுறைக்குள் வியர்வை தேங்கி, மணிக்கட்டு ஓரம் தோல் வெந்து சிவந்திருந்தது. முன்பு இருந்ததைவிட மோசமாக இருந்தது. "பேத்தி பொறந்துகீறா யம்மா. எட்டு மாசம் ஆவுது."

"யாரு ஜாடை?"

"எங்கம்மா ஜாடைன்னு சொல்றாங்க ஊட்ல. நான் தூரத்துல இருந்துதான் பாக்குறது. தூக்குறதில்ல."

"அது ஒட்டாது பாய். டாக்டர் சொல்லியிருக்கார் இல்ல?"

"சொன்னாரு. ஆனா டாக்டரு கண்ணால பாத்துதான சொன்னாரு? மிஷினு எட போட்டு இல்ல சொல்லிச்சு. அத்தன சுத்தமா கழுவியும் எங்கிட்ட இருந்து விழுந்து, அவ்ளோ தூரம் போயிகீது. பச்ச கொழந்த மேல விழாதா?"

என் பையில் அந்தப் புரதங்களின் பட்டியல் இருந்தது. கூட்டத்தில் படிக்கவேண்டிய தாள். அவர் அதைத்தான் அடுத்துக் கேட்டார்.

"அதோட பேரு வந்துச்சா யம்மா?"

"வந்துடுச்சு பாய். ஒண்ணு இல்ல, நிறைய."

"நான் போனப்புறம்தான வந்துச்சு?"

"ஆமா."

அவர் முகம் தெளிந்தது. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "சரியா போச்சு. நான் போனது நல்லதுதான். எனக்கும் மனசு அடிச்சிக்கினே இருந்துச்சு, ஒருவேள நம்மளுது இல்லியோ, வீணா வெளிய போட்டாங்களோன்னு. சைத்தான் பேச்சு. மிஷினு பொய் சொல்லாது, இல்ல?"

சொல்லவேண்டியது ஒரே ஒரு வரி. அது என் தோல், பாய். அவ்வளவுதான். அவர் அந்த ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கியிருப்பார். கடிதம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, என்னை யாரும் வெளியே அனுப்பப்போவதில்லை. இப்போது என்னைத் தடுத்தது வேலை இல்லை. எனக்காகத் துடைத்து வைத்த அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த வெட்கம் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

"சொல்லாது பாய்" என்றேன்.

பஸ் வந்தது. அது நிற்காமல் போய்விடுமோ என்று பாய் ரோட்டுக்கு இறங்கி, பத்து விரலும் முழுதாக மூடிய கைகளை உயர்த்தி ஆட்டி எனக்காக அதை நிறுத்தினார். நான் ஏறிக்கொண்டேன்.